இது எதன் ஓசை என்று முதலில் கேட்காதீர்கள்

வாசகர் கேள்வி – பதில்

குழந்தைகளுக்கு மின்னொலியிசை கற்பிப்பது பற்றியும் அவர்களுடைய கேட்கும் திறனை வளர்ப்பது பற்றியும் வந்த கடிதங்களுக்கு இம்முறை பதில் எழுதுகிறேன். ஒலிவாங்கி, ஒலிபெருக்கி, பதிவுக் கருவி, கணினி ஆகியவற்றின் துணையோடு எந்த ஓசையையும் இசைக்குரிய மூலப்பொருளாக எடுத்தாளும் முறையையே, எலக்ட்ரோஅக்கௌஸ்டிக் இசை என்று உலகெங்கும் வழங்கும் முறையையே, மின்னொலியிசை என்ற சொல்லால் குறிக்கிறேன்.

கேள்வி: பல ஆண்டுகளாகப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாட்டு கற்பித்து வருகிறேன். இந்த ஆண்டு மின்னொலியிசையையும் பாடத்தில் சேர்க்கச் சொல்லியிருக்கிறார்கள். கதவு கிறீச்சிடுவதையும் வாளி உருள்வதையும் பதிவு செய்து ஒட்டி வைப்பதை இசை என்று பிள்ளைகளிடம் எப்படிச் சொல்வது? சுருதியும் தாளமும் இல்லாத இடத்தில் நான் எதைக் கற்பிப்பது?

உங்கள் தயக்கம் நியாயமானது. இந்தத் துறையைத் தொடங்கி வைத்தவருக்கே அந்தத் தயக்கம் இருந்தது. பிரெஞ்சு வானொலியில் பொறியாளராக இருந்த பியேர் ஷேஃபர் 1948ஆம் ஆண்டில் பாரிஸின் பத்தினியோல் ரயில் நிலையத்துக்குப் பதிவுக் கருவியுடன் சென்று, நீராவி எஞ்சின்களின் ஓசைகளைத் தட்டுகளில் பதிவு செய்தார். அவற்றைக் கொண்டு மூன்று நிமிடத்துக்குள் அடங்கும் ஒரு படைப்பை உருவாக்கினார். அது அவருடைய ஐந்து ஓசைப் பயிற்சிகளில் ஒன்றாக அதே ஆண்டு அக்டோபர் 5 அன்று வானொலியில் ஒலிபரப்பாயிற்று. அவருக்கு இருந்த பெரிய இடையூறு, ரயில் ஓசையைக் கேட்பவர்களின் மனத்தில் ரயில் மட்டுமே வந்து நிற்கும் என்பதுதான். கீறல் விழுந்த தட்டு ஒரே இடத்தைத் திரும்பத் திரும்ப ஒலிப்பதைப் போல, தட்டின் ஒரு வளையத்தை மூடிய சுற்றாக்கி ஒரு துண்டு ஓசையையே மீண்டும் மீண்டும் ஒலிக்கச் செய்தபோது, ரயில் மெல்ல மெல்ல மறைந்து, அந்த ஓசையின் கரகரப்பும் அசைவும் அழுத்தமும் முன்னுக்கு வருவதை அவர் கண்டார். மணியோசை அடிபட்டுத் தொடங்கும் முதல் கணத்தை மட்டும் நீக்கிவிட்டு எஞ்சிய பகுதியை ஒலிக்கச் செய்தபோது, அது மணியாகவே தோன்றாமல் ஊதுகருவி போலத் தோன்றியது. ஓர் ஓசையை அடையாளம் காட்டுவதில் அதன் முதல் கணத்துக்கு எவ்வளவு பங்கு உண்டு என்பதை இந்த ஒரு சோதனையே புரியவைத்துவிடும்.

ஆகவே நீங்கள் கற்பிக்கப் போவது, ஓசையை அதன் மூலத்திலிருந்து பிரித்து, அது எப்படி இருக்கிறது என்று கேட்கும் பழக்கத்தை. சுருதியும் தாளமும் இங்கே இல்லாமல் போவதில்லை. ஓசையின் எத்தனையோ குணங்களுக்கு நடுவே அவையும் இரண்டு குணங்களாக வந்து அமர்கின்றன. ஓசை வெடித்துத் தொடங்குகிறதா, ஊறித் தொடங்குகிறதா? நடுவில் சமமாக நிற்கிறதா, நடுங்குகிறதா? சட்டென்று அறுபடுகிறதா, கரைந்து மறைகிறதா? வழவழப்பா, சொரசொரப்பா? ஒற்றை இழையா, பல துகள்கள் சேர்ந்த திரளா? பாட்டு கற்பிப்பவர் என்ற முறையில் இந்தக் கேள்விகளுக்கெல்லாம் உங்கள் செவி ஏற்கெனவே பழகியிருக்கிறது. ஒரு மாணவி உச்ச ஸ்வரத்தைத் தட்டித் தொடுகிறாளா தடவித் தொடுகிறாளா என்பதை நீங்கள் நாள்தோறும் கவனிக்கிறீர்கள். அந்தக் கவனத்தை வாளியின் பக்கம் திருப்புவதுதான் புதியது.

இசையா இல்லையா என்ற விவாதத்தை முதல் வகுப்பிலேயே தொடங்க வேண்டாம் என்பது என் கருத்து. பிள்ளைகள் ஒரு நிமிடப் படைப்பு ஒன்றைத் தாங்களே உருவாக்கிய பிறகு அந்தக் கேள்வியைக் கேளுங்கள். அப்போது அவர்கள் சொல்லும் பதில்கள் அனுபவத்திலிருந்து வரும்.

கேள்வி: என் எட்டு வயது மகள் செல்பேசியில் எல்லா ஓசைகளையும் பதிவு செய்துகொண்டே இருக்கிறாள். ஆனால் மழையைப் பதிவு செய்து கேட்டால் மழை போலவே இல்லை என்று வருந்துகிறாள். நல்ல ஒலிவாங்கி வாங்கித் தர வேண்டுமா?

முதலில் உங்கள் மகளின் செவிக்கு என் பாராட்டு. அவள் கேட்டது உண்மையான வேறுபாடு. செல்பேசியில் உள்ள குரல் பதிவுச் செயலிகள் மனிதப் பேச்சுக்காக அமைக்கப்பட்டவை. பேச்சுக்குப் பின்னால் இடைவிடாமல் இருக்கும் ஓசையை அவை இரைச்சல் என்று முடிவு செய்து தாமாகவே குறைத்துவிடுகின்றன. மழையும் மின்விசிறியும் அருவியும் அந்தக் கணக்கில் இரைச்சலாகிவிடுகின்றன. ஓசையின் அளவையும் செயலி தன் விருப்பப்படி ஏற்றி இறக்குவதால், தூரத்து இடியும் அருகில் விழும் துளியும் ஒரே உயரத்துக்கு வந்துவிடுகின்றன. இரைச்சல் நீக்கத்தையும் தானியங்கி அளவுச் சீரமைப்பையும் நிறுத்தி வைக்க இடம் தரும் ஒரு பதிவுச் செயலியைத் தேடி நிறுவுங்கள். சுருக்கப்படாத வேவ் கோப்பாக, நொடிக்கு 44,100 மாதிரிகள் (அதாவது ஓசையை நொடிக்கு அத்தனை முறை அளந்தெடுப்பது) என்ற அளவில் சேமிக்கச் சொல்லுங்கள். மனிதச் செவி ஏறத்தாழ 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். அந்த எல்லை வரை உள்ள ஓசையைக் குறையின்றிப் பதிய வேண்டுமானால் அதன் இருமடங்குக்கும் மேல் மாதிரிகள் எடுக்க வேண்டும் என்பதுதான் இந்த எண்ணின் பின்னால் உள்ள கணக்கு.

ஒலிவாங்கி வாங்குவதற்கு முன் தூரத்தைக் கற்றுக்கொடுங்கள். ஒரே ஓசையை ஒரு சாண் தொலைவிலும், இரண்டடி தொலைவிலும், அடுத்த அறையிலிருந்தும் பதிவு செய்யச் சொல்லுங்கள். மூன்றையும் அடுத்தடுத்துக் கேட்டால், ஒலிவாங்கி நிற்கும் இடமும் ஓசையின் ஒரு பகுதி என்பது அவளுக்கே விளங்கிவிடும். கருவியைக் கையில் பிடித்தால் விரல்களின் உரசலும் சேர்ந்து பதிவாகும் என்பதால், மடித்த துணியின் மேல் வைத்துப் பதிவு செய்வது நல்லது. காற்று நேராக ஒலிவாங்கியில் மோதினால் புடைத்துக்கொண்டு ஒரு முழக்கம் எழும். உடலால் மறைத்து நிற்கப் பழக்குங்கள். ஒவ்வொரு பதிவுக்கும் முன்னும் பின்னும் பத்து நொடி அசையாமல் காத்திருக்க வேண்டும். அந்தக் காத்திருப்பில்தான் குழந்தை உண்மையில் கேட்கத் தொடங்குகிறது. பிறர் பேசுவதைப் பதிவு செய்யும் முன் அவர்களுடைய சம்மதத்தைக் கேட்க வேண்டும் என்பதையும் இப்போதே சொல்லி வையுங்கள்.

இவையெல்லாம் கைவந்த பிறகு ஏதாவது வாங்கித் தர விரும்பினால், பீசோ தகடு என்னும் மெல்லிய வட்டத் தகட்டால் ஆன தொடு ஒலிவாங்கியை வாங்கித் தாருங்கள். அது காற்றில் வரும் ஓசையை ஏறக்குறையக் கண்டுகொள்ளாமல், ஒட்டப்பட்ட பொருளின் அதிர்வையே நேரடியாக எடுக்கும். கம்பி வேலியிலும் மேசையின் அடியிலும் அதை ஒட்டிக் கேட்ட குழந்தை, பொருள்களுக்கு உள்ளே ஒரு தனி உலகம் ஒலித்துக்கொண்டிருப்பதை அன்றே அறிந்துகொள்ளும்.

கேள்வி: என் வகுப்பில் நாற்பது பிள்ளைகள். கேட்கும் பயிற்சி என்று சொல்லிக் கண்களை மூடச் சொன்னால் இருபது நொடிக்குள் சிரிப்பும் தள்ளுமுள்ளும் தொடங்கிவிடுகின்றன. கணினி அறையும் கிடையாது. எதிலிருந்து தொடங்குவது?

கணினி இல்லாததைக் குறையாக எண்ண வேண்டாம். தொடக்கத்தில் அது தேவையும் இல்லை. அமைதியாக இருங்கள் என்று கட்டளையிட்டால் பிள்ளைகளுக்குச் செய்வதற்கு எதுவும் இருப்பதில்லை. ஆகவே அமைதியை ஒரு வேலையாக மாற்றிக் கொடுங்கள். உலோகக் கிண்ணம் ஒன்றை ஒரு முறை தட்டிவிட்டு, ஓசை முற்றிலும் மறைந்ததாகத் தோன்றும் கணத்தில் கையைத் தூக்குங்கள் என்று சொல்லுங்கள். கைகள் ஒவ்வொன்றாக, வெவ்வேறு நேரத்தில் உயரும். கடைசியாகக் கை தூக்கிய பிள்ளையும் முதலில் தூக்கிய பிள்ளையும் இருவருமே சரி. அடுத்த முறை தட்டும்போது வகுப்பே மூச்சை அடக்கிக்கொண்டு காத்திருப்பதை நான் பலமுறை கண்டு நெகிழ்ந்திருக்கிறேன்.

கனடாவின் சைமன் ஃபிரேசர் பல்கலைக்கழகத்தில் 1960களின் இறுதியில் உலக ஒலிச்சூழல் ஆய்வைத் தொடங்கிய மரே ஷேஃபர், ஆசிரியர்களுக்காக இத்தகைய பயிற்சிகளைப் பெருமளவில் உருவாக்கித் தந்தவர். (பிரெஞ்சு ஷேஃபரும் இவரும் வேறு வேறு நபர்கள், பெயர் ஒலிப்பு மட்டும் ஒன்று போலிருக்கும்.) 1992இல் அவர் வெளியிட்ட நூறு பயிற்சிகளின் தொகுப்பு, கேட்கும் ஓசைகளையெல்லாம் எழுதுங்கள் என்ற மிக எளிய பணியோடு தொடங்குகிறது. ஒரு தாளைச் சிறு சத்தமும் எழாமல் வகுப்பு முழுவதும் கைமாற்றும் அவருடைய பயிற்சி நாற்பது பேர் கொண்ட வகுப்புக்கென்றே செய்தது போலிருக்கும். பட்டியல் எழுதும் பயிற்சியை முப்பது நொடியில் தொடங்கி, ஒரு நிமிடம், இரண்டு நிமிடம் என்று வாரந்தோறும் நீட்டிச் செல்லுங்கள். எழுதி முடித்தபின், தாமே எழுப்பிய ஓசைகளை ஒரு நிறத்திலும் மனிதர் எழுப்பியவற்றை இன்னொரு நிறத்திலும் மற்றவற்றை மூன்றாம் நிறத்திலும் கோடிடச் சொன்னால், அந்த இடத்தின் ஒலிச்சூழல் தாளிலேயே தெரியும்.

இதற்கு அடுத்த படியில்தான் பெரும்பாலான வகுப்புகள் நின்றுவிடுகின்றன. பிள்ளைகளின் பட்டியலில் வண்டி, காகம், விசிறி, இருமல் என்று பொருள்களின் பெயர்கள்தான் இருக்கும்; ஓசை எதுவும் இருக்காது. இதைக் கடக்கத் தமிழ் நமக்குத் தரும் துணையைப் போல வேறு எதுவும் தரும் என்று நான் எண்ணவில்லை. நம் இரட்டைக்கிளவிகளில் பெரும்பகுதி ஓசையின் குணத்தையே பெயராக்கியவை. நீர் ஓடுகிறது என்று எழுதிய பிள்ளையிடம், அது சலசலவென்று ஓடியதா, சளசளவென்று ஓடியதா என்று கேளுங்கள். ஓரெழுத்துதான் வேறுபாடு, ஆனால் முன்னதில் தெளிந்த நீரும் பின்னதில் சேறு கலந்த நீரும் கேட்கும். கலகலவும் கணகணவும், சடசடவும் தடதடவும், சரசரவும் நறநறவும் இப்படியே. வல்லின மெய்கள் அடித்துத் தொடங்கும் ஓசைகளுக்கும், இடையின மெய்கள் வழிந்தோடும் ஓசைகளுக்கும் இயல்பாகப் பொருந்துவதைப் பிள்ளைகள் தாமாகவே கண்டுபிடித்துச் சொல்வார்கள். சில வாரம் கழித்து, ஏற்கெனவே உள்ள சொற்களைப் பயன்படுத்தக் கூடாது என்று ஒரு விதி வையுங்கள். தேய்ந்த நாற்காலி தரையில் இழுபடும் ஓசைக்குப் புதிய எழுத்துக்கோவை ஒன்றைப் படைக்கச் சொல்லுங்கள். எழுதிய பிள்ளை அதைப் படிக்காமல், வேறொரு பிள்ளை உரக்கப் படித்துக் காட்டட்டும். படித்ததைக் கேட்டு மற்றவர்கள் மூல ஓசையை உணர முடிந்தால் அந்த எழுத்துக்கோவை நல்ல குறிமானம். இசைக்குறிப்பு என்றால் என்ன என்பதைப் பிள்ளைகள் பெயர் தெரியாமலே அந்த நேரத்தில் கற்றுவிடுகிறார்கள்.

வகுப்பு இந்த அளவுக்குப் பழகிய பின் ஒலிநடைக்கு அழைத்துச் செல்லுங்கள். இசையமைப்பாளர் ஹில்டேகார்ட் வெஸ்டர்காம்ப் 1974இல் இதைப் பற்றி எழுதியபோது, சூழலைக் கேட்பதையே முதன்மை நோக்கமாகக் கொண்ட எந்த நடையும் ஒலிநடைதான் என்ற பொருளில் எழுதினார். பத்து நிமிடம் போதும். இருவர் இருவராகச் சேர்ந்து, ஒருவர் கண்களை மூடிக்கொள்ள மற்றவர் முழங்கையைப் பிடித்து வழிநடத்தலாம், பேச்சு கூடாது. திரும்பி வந்ததும் உடனே பேசவும் வேண்டாம். முதலில் வரையட்டும்.

கேள்வி: எந்த வயதில் ஒலித்தொகுப்பு மென்பொருளை அறிமுகப்படுத்தலாம்?

ஏழெட்டு வயதுக்கு முன் அவசியமில்லை. தொடங்கும்போதும் வெட்டுதல், திருப்பி ஓட்டுதல், வேகத்தை மாற்றுதல் ஆகிய மூன்றை மட்டும் சில மாதங்களுக்குக் கற்பியுங்கள். இலவசமாகக் கிடைக்கும் ஆடாசிட்டியே போதும். வேகத்தை இருமடங்காக்கினால் நேரம் பாதியாகும், சுருதி ஒரு ஸ்தாயி ஏறும் என்பதைப் பிள்ளைகள் செவியாலேயே கண்டறியட்டும். திரையில் அலைவடிவத்தைப் பார்க்கத் தொடங்கியதும் கண் முன்னால் ஓடிச் செவி பின்தங்கிவிடும்; ஆகவே செய்ததைக் கேட்டுப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் திரையை ஒரு துணியால் மூடச் சொல்லுங்கள்.

கேள்வி: ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மென்பொருள் கற்பிக்கிறேன். குரலை அணில் குரலாக்கிச் சிரிப்பதும், எல்லாவற்றுக்கும் எதிரொலி சேர்ப்பதும் தவிர வேறொன்றும் நடக்கவில்லை. விளையாட்டிலிருந்து படைப்புக்கு எப்படி அழைத்துச் செல்வது?

அந்தச் சிரிப்புக்கு ஒரு வகுப்பு முழுவதையும் மனமாரக் கொடுங்கள். கருவி என்னென்ன செய்யும் என்று தெரியாமல் எந்தக் கலைஞரும் வேலை தொடங்குவதில்லை. அதன் பிறகு, சாத்தியங்களைக் கூட்டாமல் குறையுங்கள். என் வகுப்புகளில் முதல் படைப்புக்கு மூலம் ஒன்றே ஒன்றுதான்: ஒரு தாள். ஆறு பேர் கொண்ட குழுவில் ஒருவர் கசக்குவார், ஒருவர் கிழிப்பார், ஒருவர் விரலால் சுண்டுவார், ஒருவர் விளிம்பைத் தடவுவார், ஒருவர் வாயருகே பிடித்து ஊதுவார், ஒருவர் உதறுவார். இந்த ஆறு பதிவுகளை மட்டும் கொண்டு ஒரு நிமிடப் படைப்பு செய்ய வேண்டும். எங்காவது ஓரிடத்தில் மூன்று நொடி முழு மௌனம் இருக்க வேண்டும் என்பது கூடுதல் விதி. அந்த மௌனத்தை எங்கே வைப்பது என்று குழுவுக்குள் நடக்கும் வாக்குவாதத்தைக் கவனியுங்கள். அதில்தான் வடிவத்தைப் பற்றிய சிந்தனை முதன்முதலாகத் தோன்றுகிறது.

மென்பொருளைத் திறப்பதற்கு முன் அறுபது சென்டிமீட்டர் நீளமுள்ள தாள் பட்டையில் வரையச் சொல்லுங்கள்: ஒரு சென்டிமீட்டர் ஒரு நொடி. எது எங்கே தொடங்குகிறது, எது எதன் மேல் படிகிறது, எங்கே அடர்த்தி, எங்கே வெற்றிடம் என்பதெல்லாம் கோடுகளாகவும் புள்ளிகளாகவும் அவர்கள் படைத்த எழுத்துக்கோவைகளாகவும் அந்தப் பட்டையில் இடம்பெறட்டும். பிறகு ஒவ்வொரு குழுவிடமும் ஒரே கேள்வியைக் கேளுங்கள்: இதற்குப் பின் இது ஏன் வருகிறது? ‘நன்றாக இருக்கிறது’ என்பதை முதல் முறை ஏற்றுக்கொள்ளுங்கள், இரண்டாம் முறை ஏற்காதீர்கள். முந்தைய ஓசையின் வால் இதன் தலையோடு ஒத்திருக்கிறது, நீண்டதற்குப் பின் குட்டையானது தேவைப்பட்டது, கேட்பவர் எதிர்பார்ப்பதை ஏமாற்ற விரும்பினோம் என்று பதில்கள் வரத் தொடங்கினால், உங்கள் பிள்ளைகள் இசையமைக்கத் தொடங்கிவிட்டார்கள்.

ஒரு சிறுவன் தன் பையின் ஜிப்பைத் திறக்கும் ஓசையைப் பதிவு செய்து, வேகத்தை எட்டில் ஒரு பங்காகக் குறைத்தான். மூன்று ஸ்தாயி கீழே இறங்கிய அந்த ஓசையைக் கேட்ட தோழி, ஏதோ மிகப் பெரிய கதவு திறக்கிறது என்றாள். அவன் உடனே தன் படைப்பைத் திருத்தி அமைத்தான். தொடக்கம் முழுவதும் தாழ்ந்த, கனத்த ஓசைகள். அவை சிறிது சிறிதாக வேகம் பெற்று மேலேறி, கடைசி நொடியில் மட்டும் இயல்பான ஜிப் ஓசையாக வந்து நின்றன. யாரும் அவனுக்கு அந்த வடிவத்தைச் சொல்லித் தரவில்லை. ‘எனக்கு இது எப்படிக் கேட்டது’ என்று ஒருத்தி சொன்னதுதான் அவனுக்கு வழியைத் திறந்தது. ஆகவே ஒருவர் படைப்பை மற்றவர்கள் கேட்கும் நேரத்தைப் பாடத்தின் மையமாக வையுங்கள். கேட்டது என்ன என்று முதலில் சொல்ல வேண்டும். பிடித்ததா என்பது அதற்குப் பின்புதான்.

எதிரொலியைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். எதிரொலி எல்லாக் குறைகளையும் மூடிவிடுவதால்தான் பிள்ளைகளுக்கு அது பிடிக்கிறது. முதல் மூன்று படைப்புகளுக்கு அதைத் தடை செய்யலாம். வெட்டிய இடங்களில் ‘டிக்’ என்று ஒரு சத்தம் கேட்டால், திரையில் அலைவடிவத்தின் நடுவே ஓடும் பூஜ்யக் கோட்டை அலை கடக்காத இடத்தில் வெட்டப்பட்டிருக்கிறது என்று பொருள். அலை அந்தக் கோட்டைத் தொடும் இடத்தில் வெட்டவோ, முனையில் பத்து மில்லிநொடி அளவுக்கு ஓசையைத் தேய்த்துவிடவோ கற்பியுங்கள். இந்தச் சிறு கைத்திறன் பிள்ளைகளுக்குத் தாங்கள் ஒரு தொழிலைக் கற்கிறோம் என்ற பெருமிதத்தைத் தருகிறது.

நிறைவாக, விளக்கை அணைத்துவிட்டு ஒலிபெருக்கிகளிலிருந்து கேட்கச் செய்யுங்கள். பாரிஸில் பிரான்சுவா பெய்ல் 1974இல் பல பத்து ஒலிபெருக்கிகளைக் கொண்ட ‘அக்கூஸ்மோனியம்’ என்னும் அமைப்பை உருவாக்கி, மேடையில் வாத்தியங்கள் அமரும் இடத்தில் ஒலிபெருக்கிகளையே அமர்த்தினார். உங்களுக்கு நான்கு மூலைகளில் நான்கு இருந்தாலே போதும். படைப்பு ஓடிக்கொண்டிருக்கும்போது எந்த மூலையில் எவ்வளவு ஒலிக்க வேண்டும் என்று பிள்ளைகளே கட்டுப்படுத்தட்டும்.

கேள்வி: பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டத்தக்க படைப்புகள் எவை?

முழுப் படைப்பையும் போட வேண்டியதில்லை. இரண்டு நிமிடத் துண்டு போதும். மேலே சொன்ன ரயில் படைப்பு குறுகியது என்பதால் முழுமையாகவே கேட்கலாம். கொலோன் வானொலி நிலையத்தில் கார்ல்ஹைன்ஸ் ஸ்டாக்ஹவுசன் உருவாக்கி 1956இல் அரங்கேற்றிய ‘கெஸாங் டெர் யூங்லிங்க’ என்ற படைப்பில் பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருவனின் குரல் மின்கருவிகள் எழுப்பிய ஓசைகளோடு பின்னிச் செல்கிறது. தங்கள் வயதை ஒத்த ஒரு குரலைக் கேட்டதும் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள். எது குரல், எது கருவி என்று பிரித்தறிய முயல்வார்கள். வெஸ்டர்காம்ப் 1989இல் உருவாக்கிய கடற்கரை ஒலிநடைப் படைப்பை நான் மிகவும் விரும்புகிறேன். வான்கூவர் நகரின் கடற்கரை ஒன்றில் பாறையில் ஒட்டிய சிற்றுயிர்களின் நுண்ணிய சொடுக்கொலிகளைப் பதிவு செய்த அவர், பின்னணியில் இரையும் நகரத்தைத் தொகுப்புக்கூடத்தில் வடிகட்டி நீக்குவதைத் தன் குரலாலேயே சொல்லிக்கொண்டு செய்துகாட்டுகிறார். பதிவு என்பது உள்ளது உள்ளபடியே இருப்பதில்லை, ஒருவர் தேர்ந்தெடுத்துத் தருவது என்பதை இதைவிட நேர்மையாகச் சொல்லும் படைப்பு எனக்குத் தெரிந்து அரிது.

படைப்பின் பெயரையும் கதையையும் கேட்பதற்கு முன் சொல்லாதீர்கள். சொல்லிவிட்டால் பிள்ளைகள் அந்தப் பெயரைத்தான் கேட்பார்கள்.

கேள்வி: என் வகுப்பில் திடீர்ச் சத்தம் கேட்டால் காதைப் பொத்திக்கொண்டு அழும் பிள்ளை ஒருத்தியும், செவித்திறன் குறைந்த பிள்ளை ஒருவனும் இருக்கிறார்கள். இந்தப் பாடத்திலிருந்து இருவருக்கும் விலக்கு அளித்துவிடலாமா?

தயவுசெய்து விலக்காதீர்கள். ஓசைக்கு அஞ்சும் பிள்ளைக்கு, ஓசையின் அளவைக் கூட்டிக் குறைக்கும் பொறுப்பையே கொடுத்துப் பாருங்கள். எப்போது என்ன வரும் என்று தெரியாததே பெரும்பாலும் அச்சத்துக்குக் காரணம். கட்டுப்பாடு தன் விரலில் இருக்கும்போது, அதே ஓசையை அவளால் மெல்ல நெருங்கிப் பார்க்க முடியும். முடியாத நாளில் அறைக்கு வெளியே சென்று வர அவளுக்கு உரிமை இருக்க வேண்டும். அதற்கு அவள் காரணம் சொல்ல வேண்டியதில்லை.

செவித்திறன் குறைந்த மாணவனுக்குத் தோலும் எலும்பும் செவிகளே. ஒலிபெருக்கியின் முன் காற்று நிரப்பிய பலூனை இரு கைகளாலும் பிடித்திருந்தால் தாழ்ந்த ஓசைகள் உள்ளங்கையில் தெளிவாகத் தெரியும். ஏறத்தாழ ஆயிரம் ஹெர்ட்ஸுக்கு மேல் தோல் உணர்வது மிகக் குறைவு என்பதால், படைப்பில் தாழ்ந்த ஓசைகளுக்கு இடம் இருக்கட்டும். சிறு வயதிலேயே செவித்திறனைப் பெரும்பாலும் இழந்த ஸ்காட்லாந்துத் தாளக் கலைஞர் எவெலின் கிளென்னி, அதிர்வுகளை உடலால் உணர்வதற்காக வெறுங்காலோடு நின்று வாசிப்பவர் என்பதை அவனுக்குச் சொல்லுங்கள்.

எல்லாப் பிள்ளைகளுக்கும் பொருந்தும் ஓர் எச்சரிக்கையையும் சேர்க்கிறேன். உலக சுகாதார நிறுவனமும் பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியமும் 2019இல் வெளியிட்ட நெறிமுறை, பெரியவர்களுக்கு வாரம் நாற்பது மணி நேரம் 80 டெசிபல் என்றும், குழந்தைகளுக்கு அதே நேரத்துக்கு 75 டெசிபல் என்றும் எல்லை வகுத்திருக்கிறது. ஒவ்வொரு மூன்று டெசிபல் கூடும்போதும் பாதுகாப்பான நேரம் பாதியாகிறது. உட்செவியின் மயிரணுக்கள் ஒருமுறை அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை. ஹெட்போனை மாட்டுவதற்கு முன் ஒலியளவைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து, மாட்டிய பின் மெதுவாக உயர்த்துவதை ஒவ்வொரு வகுப்பிலும் வழக்கமாக்குங்கள்.

கேள்வி: மதிப்பெண் எப்படிப் போடுவது?

படைப்புக்குப் போட வேண்டாம். பிள்ளையின் கேட்டல் குறிப்பேட்டைப் பாருங்கள். முதல் வாரத்தில் ‘காகம்’ என்று மட்டும் எழுதியவள் பத்தாம் வாரத்தில் ‘இரண்டு முறை, இரண்டாவது கொஞ்சம் கிழிந்து, தூரத்தில்’ என்று எழுதியிருந்தால், மதிப்பிட வேண்டியது அங்கே இருக்கிறது.

கேள்வி: நான் பதினொரு வயது மாணவன். விகடகவி என்ற சொல்லை வலமிருந்து படித்தாலும் அதே சொல்தான். ஆனால் அதைப் பதிவு செய்து திருப்பி ஓட்டினால் விகடகவி வரவில்லை. மென்பொருளில் ஏதாவது தவறா?

தம்பி, மென்பொருளில் தவறில்லை. நீ கேட்டது மிக நல்ல கேள்வி. ‘வி’ என்பது எழுத்தில் ஒன்று, ஓசையில் இரண்டு. முதலில் வ், அதற்குப் பின் இ. திருப்பி ஓட்டும்போது கருவிக்கு உயிர்மெய் எழுத்து என்ற ஒன்று தெரியாது. அது ஓசையைத்தான் திருப்புகிறது. ஆகவே இ முன்னே வந்து வ் பின்னே போகிறது. இப்படி ஒவ்வொன்றையும் பிரித்துத் திருப்பினால் ‘இவகடகிவ்’ என்பது போல வரும். உன் பதிவை மறுபடியும் கேட்டுப் பார், அப்படித்தான் இருக்கும்.

இப்போது ‘மரம்’ என்ற சொல்லை எடுத்துக்கொள். எழுத்தாகத் திருப்பினால் அது மரம் ஆகாது. ஆனால் ஓசையாகப் பிரித்தால் ம், அ, ர், அ, ம். எந்தப் பக்கத்திலிருந்து எண்ணினாலும் ஒன்றே. அதைப் பதிவு செய்து திருப்பி ஓட்டினால் ஏறக்குறைய ‘மரம்’ என்றே கேட்கும். ‘இனி’ என்ற சொல்லும் அப்படியே. ஏறக்குறைய என்று ஏன் சொன்னேன் என்றால், நாம் சொல்லின் முடிவில் உள்ள ம் ஓசையை மெல்லத் தேய்த்து விடுவோம். திருப்பும்போது அந்தத் தேய்வு தொடக்கத்துக்கு வந்து, ஓசை ஊதிப் பெருகி வருவது போலிருக்கும். உன் தோழர்களிடம் இரண்டு பதிவுகளையும் மாற்றி மாற்றி ஒலிக்கச் செய்து, எது திருப்பியது என்று கண்டுபிடிக்கச் சொல். அவர்கள் எதை வைத்துக் கண்டுபிடித்தார்கள் என்பதை எனக்கு எழுது.